ஒன்பது நொடிப் பாட்டு

டயர்க் கடைக்குப் பின்னால் இரும்புக் கதவு.
மணி கிடையாது, உதைக்க வேண்டும்.
உதைத்தேன்.
ஒஸ்த்ராவாவில் நவம்பர் பிறந்துவிட்டால்
வானம் மூன்றரை மணிக்கே கடையைச் சாத்தும்.

பதினோரு படி இறங்கினால் நிலவறை.
ஒரு காலத்தில் கரி கொட்டிவைத்த இடம்;
இன்றும் சுவரில் சாய்ந்தவர் முதுகெல்லாம் கறுப்பு.
நுழைவு நூற்றைம்பது கொருனா,
இல்லாதவர் இருப்பதைப் போடலாம் என்று
ஊறுகாய்ச் சாடியில் எழுதி ஒட்டியிருந்தாள் யார்மிலா.
சாடிக்குள் மூன்று நோட்டு, ஒரு பொத்தான்,
தேதி முடிந்த டிராம் சீட்டு.
பருப்பு சூப் ஊற்றுகிறவளும் அவளே,
ஒலிப்பெட்டி ஒயரைக் குதிகாலால் மிதித்திருப்பவளும் அவளே.
காலை எடுத்தால் கச்சேரி போச்சு.

எண்ணிப் பார்த்தேன்: இருபத்தாறு பேர், ஒரு நாய்.
நாய்க்கு ஆரஞ்சு நிறக் காதுமூடி,
கட்டட வேலைக்காரர்கள் போடுவது.
எனக்கு டிஷ்யூ காகிதம்.

முதல் குழு போலந்திலிருந்து வர வேண்டியது.
வேன் எல்லைக்கு முன்னாலேயே படுத்துவிட்டது.
கிட்டார்க்காரன் மட்டும் ரயிலேறி வந்தான்.
கடன் வாங்கிய டிரம்மரோடு
"மூன்று பாட்டு ஒத்திகை பார்த்தோம், கழிப்பறையில்"
என்று சொல்லிவிட்டு
ஏழு பாட்டு வாசித்தான்.

பிறகு எங்கள் ஊர்க் குழு.
டிரம்ஸில் ஓத்தகர். பகலில்
குழந்தைகள் காப்பகத்தில் கேரட் நறுக்குகிறவன்.
கையா அது? ஜன்னலிடுக்கில் மாட்டிய குளவி.
ஸ்லாவ்கா வங்கியில் வேலை,
கடன் மறுக்கும் கடிதங்களை அவள்தான் அனுப்புகிறாள்.
மைக்கை விழுங்குகிறாற்போல் பிடித்தாள்.
அரைபடும் தானியமல்ல,
அரைக்கிற கல்லே வாய் திறந்தது.

பாட்டின் பெயர்:
'மூன்றாம் முறை வாடகை ஏற்றிய நிர்வாகிக்கு
வெந்நீர் வராத ஆறாம் மாடியிலிருந்து.'
பெயர் சொல்ல இருபது நொடி.
பாட்டு ஒன்பது.
கை தட்டுமுன் முடிந்தது,
இன்னொரு முறை என்று கத்தினோம்,
இன்னொரு ஒன்பது.

நடுவில் வட்டம் சுழலத் தொடங்கியது.
தோள் தோளை இடிக்கும்; விழுந்தவரை
நாலு கை அள்ளி நிறுத்தும்,
முகத்தை யாரும் பார்ப்பதில்லை.
நானும் போனேன்.
நாற்பத்து நான்கு வயது, இடது முழங்காலில் பட்டி,
டிராம் டிப்போவில் ஐந்து நாளாய்
தொலைந்த குடைகளுக்குச் சீட்டு எழுதிய கை.
ஒரு முழங்கை உதட்டில் பட்டது.
துருச் சுவை.
அப்போதுதான் யாரோ அலறினார்கள்:
"கண்ணாடி!"

ஓத்தகர் குச்சியை உயர்த்தினான்.
சத்தம் அறுந்தது.
அறுந்த இடத்தில்
சூப் பானை கொதிப்பது கேட்டது.

வெந்தெலின், பதினேழு இருக்கும்,
தன் முகத்தைத் தானே தடவிக்கொண்டு
அசையாமல் நின்றான்.
மற்றவரெல்லாம் மண்டியிட்டோம்.
ஆணி பதித்த தோல்சட்டைகள், பச்சைக் கொண்டை,
முதுகில் 'எவனுக்கும் பணியோம்' என்று தைத்தவனும்
நாலு காலில்.
செல்போன் வெளிச்சங்கள் தரையை மேய்ந்தன:
பீர் ஈரம், கரித்தூள், அறுந்த கிட்டார்க் கம்பி,
யாருடையதோ பல்
(பழையது என்றார்கள்).
கடைசியில்
நாய் அதன்மேல் படுத்திருந்தது.

ஒரு கை வளைந்து, ஒரு சில்லு இல்லாமல்.
ஸ்லாவ்கா சட்டை நுனியில் துடைத்து
அவன் மூக்கில் மாட்டினாள்.
"பாதியாவது தெரியுதா?"
"போதும்."

நாலு தட்டு.
வட்டம்.

வெளியே வந்தபோது மேல்வீட்டுக்காரி
ஜன்னல் திறந்து போலீஸ் என்றோ என்னவோ சொன்னாள்.
வாய் மட்டும் அசைந்தது.
காதுக்குள் பிரஷர் குக்கர் இறங்கவே இல்லை.
இரவு டிராமில் எதிரே வெந்தெலின்,
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
நிறுத்தங்களின் பெயர் படித்தபடி.
நான் ஏதோ கேட்டேன். அவன் ஏதோ சொன்னான்.
இருவருக்கும் கேட்கவில்லை,
இருவரும் தலையாட்டினோம்.

காலையில் டிப்போவில் கேட்பார்கள்,
உதட்டில் என்ன என்று.
கதவு என்பேன்.
முழுப் பொய்யில்லை.
உதைத்துத்தானே திறந்தேன்.